கடையில் பவர் பார்த்தாயிற்று. கண் டாக்டரிடமும் போக வேண்டுமா?

கேள்வி: எனக்கு 46 வயது. ஆறு வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. கண்ணாடிக் கடையில் இலவசமாகக் கம்ப்யூட்டரில் பார்த்துப் பவர் எழுதித் தந்துவிட்டார்கள். சர்க்கரை டாக்டரோ முழுக் கண் பரிசோதனை செய்துகொண்டு வரச் சொல்கிறார். அதில் என்னென்ன செய்வார்கள்? பைக்கில் பாண்டிக்குப் போய் வரலாமா? (வாசகர், மஞ்சக்குப்பம், கடலூர்)

பதில்: கட்டாயம் போங்கள். பைக் மட்டும் வேண்டாம்.

கடையில் தாடையை வைத்து, உள்ளே தெரியும் பலூனையோ வீட்டையோ பார்த்தீர்களே, அது ஆட்டோ ரிஃப்ராக்டோமீட்டர். பவரை மட்டும்தான் அளக்கும், அதுவும் உத்தேசமாக. சர்க்கரையால் விழித்திரையில் ரத்தம் கசிந்திருந்தால் அந்தத் துண்டுச் சீட்டில் தெரியாது. உங்களுக்கும் தெரியாது, ஏனென்றால் ஆரம்பத்தில் வலியும் இருக்காது, பார்வையும் குறையாது. அதனால்தான் சர்க்கரை உள்ளவர்கள் வருடத்துக்கு ஒருமுறையாவது சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள்.

போகும்போது பழைய கண்ணாடி, பழைய பவர் சீட்டு, சாப்பிடும் மாத்திரைகளின் விவரம், கடைசி சர்க்கரை ரிப்போர்ட் எல்லாம் கையில் இருக்கட்டும். ஸ்டீராய்டு மாத்திரையோ சொட்டு மருந்தோ எடுத்துக்கொண்டிருந்தால் அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள். அது கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது. அப்பா, அம்மா, கூடப்பிறந்தவர்கள் யாருக்காவது கிளாகோமா (கண் நரம்பைக் கெடுக்கும் நோய்) இருந்தால் அதையும் சொல்ல வேண்டும்.

முதலில் 6 மீட்டர் தூரத்துப் பலகையில் ஒவ்வொரு கண்ணாக எழுத்தைப் படிக்கச் சொல்வார்கள். அறை சிறியதென்றால் முகம் பார்க்கும் கண்ணாடி வைத்துத் தூரத்தைச் சரிக்கட்டியிருப்பார்கள். 6/12 என்று எழுதினால், மற்றவர்கள் 12 மீட்டரிலிருந்து படிக்கும் எழுத்தை நீங்கள் 6 மீட்டருக்கு வந்தால்தான் படிக்கிறீர்கள் என்று அர்த்தம். எழுத்து மங்கினால் சின்ன ஓட்டை போட்ட தகட்டை வைத்துப் பார்க்கச் சொல்வார்கள். ஓட்டை வழியாகத் தெளிந்தால் பெரும்பாலும் பவர் குறைதான், கண்ணாடியில் சரியாகும். தெளியவில்லை என்றால் புரையோ விழித்திரைக் கோளாறோ இருக்கலாம் என்று தேடுவார்கள்.

அடுத்து சோதனைச் சட்டத்தில் லென்ஸை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, முன்னாடி போட்டது தெளிவா?" என்பார்கள். இரண்டும் ஒன்றாகத் தெரிந்தால் அப்படியே சொல்லுங்கள். கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதும், ஊகித்துப் படிப்பதும் பவரைத் தப்பாக்கிவிடும். வெள்ளெழுத்துக்குப் பார்க்கும்போது, வீட்டில் பேப்பரை எவ்வளவு தூரத்தில் பிடிப்பீர்களோ அதே தூரத்தில் அட்டையைப் பிடியுங்கள்.

பிறகு கண் அழுத்தம். கண்ணில் காற்றை ஊதிப் பார்ப்பார்கள். அல்லது கண் மரத்துப்போகச் சொட்டு விட்டு, மஞ்சள் சாயம் தொட்டு, நீல வெளிச்சத்தில் அளப்பார்கள். 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை சாதாரண அளவு. காற்றுக் கருவியில் கூடுதலாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். சாயம் தொட்டு மறுபடி அளக்கச் சொல்லுங்கள். அழுத்தம் சரியாக இருந்தும் கிளாகோமா வரும் என்பதால், டாக்டர் கண் நரம்பையும் பார்த்தாக வேண்டும்.

கண் பாப்பாவை விரிக்கும் சொட்டு மருந்துக்கு முன்னால் ஸ்லிட் லேம்ப் என்ற வெளிச்ச நுண்ணோக்கியில் கண்ணின் முன்பகுதியைப் பார்ப்பது முக்கியம். உள்ளே நீர் வடியும் கோணம் குறுகியிருப்பவர்களுக்கு அந்தச் சொட்டு அழுத்தத்தைத் திடீரென ஏற்றிவிடக்கூடும். யாரும் பார்க்காமலே சொட்டு விட வந்தால், "முன்பகுதி பார்த்தாயிற்றா?" என்று கேட்கத் தயங்காதீர்கள். வீட்டுக்கு வந்தபின் கடுமையான கண்வலி, வாந்தி, விளக்கைச் சுற்றி வானவில் வளையம் என்று எது வந்தாலும் விடியட்டும் என்று இருக்காமல் உடனே திரும்பிப் போங்கள்.

சொட்டு கொஞ்சம் எரியும். விரிய 20 முதல் 30 நிமிடம் ஆகும். அதன்பின் டாக்டர் பளிச்சென்ற வெளிச்சத்தில் மேலே, கீழே, பக்கவாட்டில் பார்க்கச் சொல்லி விழித்திரையைச் சோதிப்பார். வெளியே வந்தால் வெயில் கண்ணைக் கூசும், செல்போன் எழுத்து தெரியாது. 4 முதல் 6 மணி நேரம் இப்படித்தான். தவளக்குப்பம் அரவிந்த் ஆனாலும் ஜிப்மர் ஆனாலும் பஸ்ஸில் போங்கள். துணைக்கு ஒருவரும் கறுப்புக் கண்ணாடியும் இருக்கட்டும். அரைநாளை இதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள்.

பதிவு செய்யும்போதே, கட்டணத்தில் விழித்திரைப் பரிசோதனையும் சேர்த்தியா என்று கேளுங்கள். ஓசிடி ஸ்கேனும் (விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுப்பது) பார்வைப் புலச் சோதனையும் (பக்கவாட்டில் எவ்வளவு தூரம் தெரிகிறது என்று பார்ப்பது) எல்லோருக்கும் தேவைப்படாது. எழுதினால், எதைச் சந்தேகித்து எழுதினார் என்று டாக்டரிடமே கேட்கலாம். விழித்திரையில் பாதிப்பு உண்டா, மையத்தில் வீக்கம் உண்டா, அடுத்து எப்போது வர வேண்டும் என்ற மூன்றையும் கேட்காமல் எழுந்து வராதீர்கள்.

இன்னொன்று. சர்க்கரை ஏறி இறங்கிக்கொண்டிருந்தால் பவரும் மாறும். சர்க்கரை சில வாரம் நிலையாக இருந்தபின் பவர் பார்த்துக் கண்ணாடி போடுங்கள். தூரத்துக்கும் கிட்டத்துக்கும் கோடில்லாமல் ஒரே லென்ஸில் பவர் வைத்த, விலை கூடிய புரோகிரசிவ் லென்ஸை அவசரப்பட்டு வாங்க வேண்டாம்.

கேள்வி: பரிசோதித்த இடத்திலேயே கண்ணாடி வாங்க வேண்டுமா? (வாசகி, முத்தியால்பேட்டை, புதுச்சேரி)

பதில்: வேண்டியதில்லை. சீட்டைக் கேட்டு வாங்கிக்கொண்டு எங்கே வேண்டுமானாலும் போடலாம். இரண்டு கண்ணுக்கும் பவர், பிளஸ்ஸா மைனஸா என்ற குறி, சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும் பவர்) இருந்தால் அதன் கோணமான ஆக்சிஸ், கிட்டப் பார்வைக்கான கூடுதல் பவர், இவை தெளிவாக இருக்கின்றனவா பாருங்கள். பாப்பாக்களுக்கு இடையிலான தூரத்தைக் கடையில் அளக்க வேண்டும். புரோகிரசிவ் என்றால் தேர்ந்தெடுத்த ஃபிரேமை முகத்தில் மாட்டி உயரமும் குறிக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் படிக்கும் பகுதி இடம் தவறிப்போய்க் கழுத்தைத் தூக்கித் தூக்கிப் படிக்க வேண்டிவரும்.

கண்ணாடி வாங்கும்போது, லென்ஸின் பவரை அளக்கும் லென்ஸோமீட்டரில் உங்கள் எதிரிலேயே வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஆக்சிஸ் 10 டிகிரி தவறினாலே சிலிண்டரின் பலனில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும்.

கேள்வி: நேரு வீதிக் கடையில் வாங்கிய கண்ணாடியில் பவர் தவறு. மாற்றித் தர மறுக்கிறார்கள். நான் இருப்பது நெல்லிக்குப்பம். பாண்டியில்தான் வழக்குப் போட வேண்டுமா?

பதில்: இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, அதாவது கடலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடம் அவகாசம் உண்டு. 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. முதலில் வேறொரு இடத்தில் கண்ணாடியை அளந்து எழுதி வாங்குங்கள். அந்தத் தாளையும், பில், பவர் சீட்டு நகல்களையும் இணைத்துக் கடைக்குப் பதிவுத் தபால் அனுப்புங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் பதிந்துவையுங்கள்.