அணுக்கழிவு லாரி நம் ஊர் வழியாக வந்தால்? வாசகர் கேள்விகளுக்குப் பதில்

வெளிநாட்டு நகர மன்றங்களில் அணுக்கழிவுப் போக்குவரத்து பற்றி விவாதம் நடப்பதைப் படித்துவிட்டு, கடலூரிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் நிறையப் பேர் எழுதியிருக்கிறீர்கள். ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன்.

கல்பாக்கத்துக் கழிவு ஈ.சி.ஆர். வழியாகப் புதுச்சேரியைத் தாண்டித் தெற்கே போகிறதாமே? (வாசகர், காலாப்பட்டு)

எதற்காகப் போக வேண்டும்? கல்பாக்கத்தில் இருக்கும் இரண்டு 220 மெகாவாட் உலைகளிலும் பயன்படுத்தி முடித்த எரிபொருளை மறுசுத்திகரிப்பு செய்யும் ஆலை அந்த வளாகத்திலேயே இருக்கிறது. அதில் மிஞ்சும் உயர்நிலைக் கழிவை, அதாவது கதிரியக்கம் மிக அதிகமுள்ள கழிவை, கண்ணாடியோடு சேர்த்து உருக்கி இறுக வைப்பதும் அங்கேதான். தெற்கே கொண்டுபோய் இறக்க இடமே கிடையாது. நடக்கக்கூடியது இதற்கு நேர் எதிரானது. மருத்துவமனைகளும் ஆலைகளும் உபயோகித்து முடித்த சிறு கதிர்மூலங்கள் (கதிர்வீச்சு தரும் பொருள்கள்) கல்பாக்கம் கழிவு மேலாண்மை நிலையத்துக்குப் போகலாம். அவை சின்னப் பெட்டிகள்.

கூடங்குளத்துக் கழிவு? (பலர்)

உலைக்குப் பக்கத்திலேயே நீர்த்தொட்டியில் இருக்கிறது. உச்ச நீதிமன்றம் 2013 மே மாதத் தீர்ப்பில் போட்ட நிபந்தனைகளை ஒட்டித் திட்டமிட்ட கூடுதல் சேமிப்பிடமும் அந்த வளாகத்துக்குள்தான். ஆழ்நிலத்தில் நிரந்தரமாக வைக்கும் இடம் இந்தியாவில் எங்குமே இல்லை. அது எங்கே என்று முடிவாகும் நாளில்தான், எந்த ரோடு வழியாகக் கொண்டு போவது என்ற கேள்வி உண்மையாகவே எழும்.

மூன்று இதழ் கதிரியக்கக் குறி போட்ட வண்டிக்குப் பின்னால் அரை மணி நேரம் பைக்கில் வந்தேன். பயமாக இருக்கிறது. (கல்லூரி மாணவர், மரக்காணம்)

வண்டியிலிருந்து 2 மீட்டர் தள்ளி, கதிர்வீச்சு மணிக்கு 0.1 மில்லிசீவர்ட்டுக்கு (உடலில் படும் கதிர்வீச்சை அளக்கும் அலகு) மேல் இருக்கக் கூடாது என்பது விதி. அந்த உச்ச அளவிலேயே இருந்தது என்று வைத்துக்கொண்டாலும், அரை மணிக்கு 0.05. பொதுமக்களுக்கான வருட வரம்பு 1. மண்ணும் வானமும் உணவும் சேர்ந்து உலகச் சராசரியாக வருடத்துக்கு 2.4 அளவில் நமக்குத் தந்துகொண்டேதான் இருக்கின்றன. நீங்கள் 2 மீட்டரைவிடத் தள்ளித்தான் வந்திருப்பீர்கள். தூரம் இரட்டித்தால் அளவு கிட்டத்தட்ட கால் பங்காகிவிடும். நிம்மதியாகப் படியுங்கள், தம்பி. அந்தச் சாலையில் பயத்தில் அவசரப்பட்டு ஓவர்டேக் எடுப்பது இதைவிடப் பல மடங்கு ஆபத்து.

மண்டை ஓடு படம் போட்ட டேங்கர் ஒன்று போனது. அணுக்கழிவுதானே? வீடியோவை எல்லா குரூப்பிலும் போட்டுவிட்டேன். (வாசகர், ஊர் குறிப்பிடவில்லை)

இல்லை. மண்டை ஓடு என்றால் நச்சுப் பொருள். அபாயப் பொருள்களைப் பிரிக்கும் பட்டியலில் அது பெரும்பாலும் 6-ஆம் வகுப்பு. கதிரியக்கப் பொருள் 7-ஆம் வகுப்பு. எந்த ஊர், எந்த நேரம், வண்டியில் என்ன எண் எழுதியிருந்தது என்று எதுவுமே எழுதாமல் என்னிடம் கேட்கிறீர்கள். ஆனால் கேட்பதற்கு முன்பே எல்லோருக்கும் அனுப்பிவிட்டீர்கள். முதலில் லேபிளைப் படியுங்கள். இதை எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன். இப்போதே அந்த வீடியோவை நீக்கிவிட்டு, தவறு என்று அதே குரூப்களில் எழுதுங்கள்.

நியூயார்க் மாதிரி நம் மாநகராட்சியும் 'அணுக்கழிவு லாரிக்கு அனுமதி இல்லை' என்று தீர்மானம் போட்டால் என்ன? கவுன்சிலர்களுக்கு மனு தயார் செய்திருக்கிறோம். (குடியிருப்போர் சங்கத்தினர், திருப்பாதிரிப்புலியூர்)

போடலாம். லாரி நிற்காது. நியூயார்க் கதையைக் கடைசி வரை படியுங்கள். பக்கத்து லாங் ஐலண்டில் இருந்த புரூக்ஹேவன் ஆய்வக உலையில் பயன்படுத்தி முடித்த எரிபொருள் நகருக்குள் வரக் கூடாது என்று 1976-இல் அந்த நகரம் தன் சுகாதார விதியையே மாற்றியது. 1981-இல் மத்திய அரசின் போக்குவரத்துத் துறை நாடு முழுவதற்கும் ஒரே வழித்தட விதியைக் கொண்டுவந்தது. நகரம் வழக்குக்குப் போய், 1983-இல் மேல்முறையீட்டில் தோற்றது. 1984-இல் உச்ச நீதிமன்றம் வழக்கை எடுக்கவே மறுத்துவிட்டது. இங்கே நிலைமை இன்னும் தெளிவு. அணுசக்தி நம் அரசமைப்பின் 7-ஆவது அட்டவணையில், மத்தியப் பட்டியலில் 6-ஆவதாக இருக்கிறது. மாநிலமே கை வைக்க முடியாத விஷயத்தில் மாநகராட்சி என்ன செய்யும்?

எனக்கு ஆத்திரம் வருவது இதற்கு அடுத்த கட்டத்தில். தடை கேட்டுப் பேசிவிட்டு, கைதட்டல் வாங்கிவிட்டு, மன்றம் கலைந்துவிடும். மன்றத்தின் கைக்குள் இருக்கும் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ராத்திரி 2 மணிக்கு ஒரு வண்டி கவிழ்ந்தால் முதலில் வருவது மும்பையில் இருக்கும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் இல்லை. நம் தீயணைப்பு நிலையத்துப் பையன்கள். அவர்களிடம் கதிர்வீச்சை அளக்கும் சர்வே மீட்டர், வேலை செய்கிற நிலையில் இருக்கிறதா? பேட்டரி இருக்கிறதா? அதைப் பிடித்துப் பார்த்து, எந்த இடத்தில் கயிறு கட்ட வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் ஒவ்வொரு ஷிஃப்டிலும் இருக்கிறாரா? ஓட்டுநரின் கேபினில் டிரெம்கார்டு, அதாவது விபத்து நடந்தால் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அட்டை, இருக்க வேண்டும். அதைக் கையில் எடுத்துப் பாருங்கள். பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் இருந்தால், மழையில் டார்ச் அடித்துக்கொண்டு யார் படிப்பார்கள்? அரசு மருத்துவமனையில் கதிரியக்கம் பட்டவரை எந்த வாசல் வழியாகக் கூட்டிப் போவது, அவர் துணியை எங்கே கழற்றி எதில் கட்டி வைப்பது என்று எழுதி வைத்திருக்கிறார்களா?

சிப்காட்டுக்கு ரசாயன டேங்கர்கள் தினமும் வருகின்றன. அவற்றுக்கும் இதே டிரெம்கார்டு, இதே தீயணைப்பு வீரர்கள். ஆகவே என்றோ வரக்கூடிய அணுக்கழிவுக்காகக் கேட்கும் கேள்விகள், நாளைக் காலையில் வரும் டேங்கருக்கும் பயன்படும். கடலூரில் 45 வார்டு இருக்கிறது. ஒரு கவுன்சிலர் எழுத்துமூலம் கேட்டாலே பதில் சொல்லியாக வேண்டும். புதுச்சேரிக்காரர்களின் நிலைமை இன்னும் மோசம். 38 வருடம் கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது. அந்த மன்றங்களின் காலம் 2011-இல் முடிந்தது. அப்புறம் வருடக்கணக்காக அதிகாரிகள் கையில்தான் நகராட்சி. கேள்வி கேட்க உறுப்பினரே இல்லாத ஊரில் விவாதம் எங்கே நடக்கும்? உங்கள் மனுவைக் கிழித்துப் போட வேண்டாம். தடை கேட்கும் பத்தியை எடுத்துவிட்டு, நான் மேலே கேட்டவற்றை எழுதிக் கொடுங்கள்.

தென்பெண்ணை வெள்ளத்தில் கதிரியக்கப் பெட்டி அடித்துப் போனால்? (விவசாயி, ரெட்டிச்சாவடி)

நல்ல கேள்வி. அதிகக் கதிரியக்கம் உள்ள பொருள் 'டைப் பி' பெட்டியில்தான் போக வேண்டும். அந்த வடிவம் 9 மீட்டர் உயரத்திலிருந்து கெட்டித் தளத்தில் விழுந்தும், 800 டிகிரி தீயில் அரை மணி இருந்தும், 15 மீட்டர் ஆழத் தண்ணீரில் 8 மணி நேரம் கிடந்தும் தாங்க வேண்டும். பயன்படுத்திய எரிபொருள் மாதிரி பெரிய சரக்கின் பெட்டி என்றால் 200 மீட்டர் ஆழத்துக்கும் சோதனை உண்டு. பெட்டி தாங்கும். என் கவலை பாதையைப் பற்றி. 2024 ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு கடலூர், புதுச்சேரி சாலையில் போக்குவரத்து நின்றபோது வண்டிகளை எந்தக் கிராமம் வழியாகத் திருப்பினார்கள் என்று உங்களுக்குத் தெரியும். மழைக்காலத்தில் மாற்று வழி எது என்று வண்டி கிளம்புவதற்கு முன்பே தீர்மானித்திருக்க வேண்டும்.

டீக்கடை வாசலில் நின்ற ஜீப்பின் பின்சீட்டில் கதிரியக்கக் குறியோடு ஒரு பெட்டி. ஆள் யாரும் இல்லை. (வாசகர், குடிகாடு)

வெல்டிங் சோதனைக்குப் போகும் ஐரிடியம் கேமராவாக (கதிரியக்க ஐரிடியத்தால் உலோகத்தின் உள்ளே படம் பிடிக்கும் கருவி) இருக்கும். உங்கள் பக்கம் அடிக்கடி நடமாடும் கதிரியக்கம் இதுதான். லேபிளில் மேல் பாதி மஞ்சள், கீழ்ப் பாதி வெள்ளை, அதில் இரண்டோ மூன்றோ சிவப்புக் கோடு, அடி மூலையில் 7. நடுவில் பொருளின் பெயரும் அளவும் எழுதியிருக்கும். இது பஸ்ஸிலோ ஆட்டோவிலோ போகக் கூடாது. ஆளில்லாமல் விட்டுப் போகவே கூடாது. டீ குடிக்கப் போனார்கள் என்பதெல்லாம் சாக்கு. தொடாதீர்கள், கதவைத் திறக்காதீர்கள், படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள். தள்ளி நின்று வண்டி எண்ணைக் குறித்துக்கொண்டு 112-க்குப் பேசுங்கள்.

பழைய இரும்புக் கடை வைத்திருக்கிறேன். மூடிய ஆலையிலிருந்து வந்த சரக்கில் அளவுக்கு மீறிக் கனமாக ஓர் ஈய உருளை. உடைக்கலாமா? (வாசகர், கடலூர் முதுநகர்)

உடைக்காதீர்கள். அறுக்காதீர்கள். ஆலைகளில் தொட்டியின் மட்டம் பார்க்கும் கருவிக்குள் சீசியம் என்ற கதிரியக்கப் பொருள் இருக்கலாம். அதைச் சுற்றியிருப்பது ஈயம். 2010-இல் டெல்லி மாயாபுரியில் பல்கலைக்கழகம் ஏலம் விட்ட பழைய கருவியைப் பிரித்தார்கள். உள்ளே கோபால்ட்-60. ஒருவர் இறந்தார், பலர் படுக்கையில் விழுந்தார்கள். அங்கே சிக்கியது எல்லோரும் உங்கள் தொழில்காரர்கள்தான். கடையைச் சாத்துங்கள், பையன்களை வெளியே அனுப்புங்கள், உடனே போலீசுக்கும் தீயணைப்புக்கும் சொல்லுங்கள். அந்தச் சரக்கு எந்த ஆலையிலிருந்து வந்தது என்ற சீட்டைப் பத்திரமாக வைத்திருங்கள்.

தைராய்டுக்கு அயோடின் சிகிச்சை எடுத்த என் அக்கா பஸ்ஸில் கடலூர் வரலாமா? (வாசகி, பாகூர்)

மருத்துவமனை எழுதிக் கொடுத்த சீட்டில் இருக்கும் நாள்கணக்குப்படி செய்யுங்கள் அம்மா. முடிந்தால் தனி வண்டி. கர்ப்பிணியும் கைக்குழந்தையும் கொஞ்ச நாள் அக்காவிடமிருந்து தள்ளி இருக்கட்டும். இந்தக் கதிரியக்க அயோடினின் வீரியம் 8 நாளில் பாதியாகும்.

நெய்வேலி சாம்பல் லாரியிலும் கதிரியக்கம் உண்டாமே? (இருவர்)

துளியளவு. நிலக்கரி, பழுப்பு நிலக்கரி எல்லாவற்றிலும் இயற்கையாக இருப்பதுதான். நுரையீரலைக் கெடுப்பது அந்தத் தூசி. தார்ப்பாய் கட்டாமல் போகும் லாரியின் எண்ணை எழுதி ஆர்.டி.ஓ.விடம் கொடுங்கள்.