சுவரைக் கேட்டவர்கள்

அன்புள்ள ஐயா,

டெக்சஸில் என் மகள் படிக்கும் அரசுப் பள்ளி வகுப்பறையில், 2025-இல் வந்த சட்டத்தின்படி பைபிளின் பத்துக் கட்டளைகளை மாட்டியிருக்கிறார்கள். டாலரில் கடவுள், பதவியேற்பில் பைபிள். அமெரிக்காவின் மதச்சார்பின்மை வெறும் வேடம்தானே? மதம் பிடித்தவர்கள் இருக்கும்வரை இது மாறாது என்கிறார் கணவர். மகளிடம் நான் என்ன சொல்வது?

ம.

அன்புள்ள ம.,

அந்தக் குழந்தையை நினைத்து நீங்கள் கலங்குவது இயல்பு. டாலரையும் பைபிளையும் விட்டுத்தள்ளுங்கள். டாலரில் இருக்கும் ‘கடவுளை நம்புகிறோம்’ என்பது தேசிய முழக்கமானதே 1956-இல், பனிப்போர்க் காய்ச்சலில்தான். பதவியேற்பில் பைபிள் வேண்டும் என்று அரசியல் சட்டம் எங்கும் கேட்கவில்லை.

ஆனால் கணவர் சொன்னதை நீங்கள் அப்படியே எடுத்து எழுதியது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அரசுக்கும் மதத்துக்கும் இடையே சுவர் என்று அன்றைய அமெரிக்க ஜனாதிபதி ஜெஃபர்சன் எழுதியது 1802 ஜனவரி 1 அன்று, கனெக்டிகட் மாநிலத்தின் டான்பரி வட்டாரத்துப் பாப்டிஸ்டுகள் என்ற கிறித்தவப் பிரிவினருக்கு அனுப்பிய கடிதத்தில். அங்கே காங்கிரிகேஷனல் என்ற இன்னொரு கிறித்தவச் சபைதான் அரசு வரி வாங்கி நடத்திய அரசுச் சபை. அதற்குரிய வரியிலிருந்து தப்ப, தாங்கள் வேறு சபையினர் என்று பாப்டிஸ்டுகள் சான்றிதழ் கொடுக்க வேண்டியிருந்தது. தங்கள் வழிபாட்டுச் சுதந்திரம் உரிமையாக அல்ல, பிறர் போடும் சலுகையாக இருக்கிறது என்றுதான் அவர்கள் முறையிட்டார்கள். நாத்திகர்கள் அல்லர், முழங்காலிட்டு ஜெபிக்கிறவர்கள்.

அதே நாளில் மாசசூசெட்ஸின் செஷயர் என்ற ஊரிலிருந்து ஜான் லேலண்ட் என்ற பாப்டிஸ்ட் போதகர், ஊரார் சேர்ந்து செய்த ஏறக்குறைய 560 கிலோ எடையுள்ள பாலாடைக்கட்டி ஒன்றை ஜெஃபர்சனுக்குப் பரிசாகக் கொண்டுவந்து சேர்த்தார். அரசு மதத்தில் கைவைக்கக் கூடாது என்று வாழ்நாளெல்லாம் வாதிட்ட அதே மனிதர், இரண்டு நாள் கழித்து நாடாளுமன்றத்தின் பிரதிநிதிகள் சபை மண்டபத்திலேயே பிரசங்கம் செய்தார். ஜெஃபர்சன் உட்கார்ந்து கேட்டார். உங்களுக்கு இது முரணாகத் தோன்றலாம். லேலண்டுக்குத் தோன்றவில்லை, ஏனென்றால் போதகர் பொதுவெளியில் பேசுவதை அவர் தடுக்க நினைக்கவில்லை. அவர் அஞ்சியது வரி வாங்கும் கை வேதத்தையும் பிடித்துக்கொள்வதைத்தான். மார்ட்டின் லூதர் கிங் பிரசங்க மேடையிலிருந்து அரசியலுக்கு வந்தபோது யாரும் அவரை மதம் பிடித்தவர் என்று சொல்லி ஒதுக்கிவிட முடியவில்லையே?

கனெக்டிகட் 1818-இல்தான் அரசுச் சபையைக் கைவிட்டது, மாசசூசெட்ஸ் 1833-இல். உங்கள் டெக்சஸ் சட்டத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தவர்களில் யூத மதகுருவான ரப்பியும் கிறித்தவப் போதகர்களும் உண்டு. அவர்களுக்கு என்ன பிடித்திருக்கிறது என்று உங்கள் கணவரிடம் கேட்டு எழுதுங்கள்.