கும்மி ஏறுது, எக்செல் ஏறமாட்டேங்குதுங்களே!

கேள்வி: வணக்கமுங்க. எனக்கு 37 வயசு, பெருமாநல்லூர் பக்கம். பனியன் கம்பெனில 11 வருசமா செக்கிங்ல இருக்கேன். ஆபீஸ்ல புரொடக்‌ஷன் ரிப்போர்ட் போடற வேலைக்கு என்னைக் கேட்டிருக்காங்க. எக்செல் தெரிஞ்சாத்தான் ஆகும். ராத்திரி பத்தரைக்கு மேல யூடியூப்ல பாடம் பார்த்துட்டு பன்னெண்டரைக்குப் படுத்து அஞ்சு மணிக்கு எந்திரிக்கிறேன். பார்க்கறப்ப எல்லாம் புரியுது, காலைல ஒண்ணும் ஞாபகம் இருக்கறதில்லை. மூணு தடவை ஆரம்பிச்சு மூணு தடவையும் விட்டாச்சு. ஆபீஸ் பையன் ஒருத்தன் "அக்கா, இதெல்லாம் உங்களுக்கு எதுக்கு"ன்னு சிரிச்சதுல இருந்து கம்ப்யூட்டரைத் தொடவே கூச்சமா இருக்குது. போன வருசம் ஊர்ல வள்ளி கும்மி பழகி மூணே மாசத்துல அரங்கேற்றம் பண்ணினோம். அது ஏறுது, இது ஏன் ஏறமாட்டேங்குது? வயசாயிருச்சுங்களா? ஞாயித்துக்கிழமை முழுநாள் கிளாஸ் ஒண்ணு இருக்குது, 9,000 ரூபாய்ங்கறாங்க. சேரலாமுங்களா? ஒரே வெசனமா இருக்குது.

பதில்: முதலில் அந்த 9,000 ரூபாயைப் பத்திரமாக எடுத்து வையுங்கள். வகுப்பு மோசமென்று சொல்லவில்லை, ஞாயிறு முழுநாள் என்ற ஏற்பாடுதான் இடிக்கிறது. பிரிட்டனில் ஒரு காலத்தில் அஞ்சல் குறியீட்டை இயந்திரத்தில் அடிப்பதற்காக அஞ்சல் ஊழியர்களுக்கு விசைப்பலகை பழக்க வேண்டியிருந்தது. பேட்லி, லாங்மேன் என்ற இரு ஆய்வாளர்கள் அவர்களைக் குழுக்களாகப் பிரித்தார்கள். ஒரு குழுவுக்கு நாளுக்கு ஒரே ஒரு மணி நேரம். இன்னொரு குழுவுக்கு இரண்டிரண்டு மணியாக நாளுக்கு நாலு மணி நேரம். 1978-ல் வெளியான முடிவு என்ன தெரியுமா? நாட்கணக்கில் பார்த்தால் ஒரு மணி நேரக் குழு மெதுவாகத்தான் போனது. ஆனால் செலவான மொத்த மணிக்கணக்கில் அவர்கள்தான் சீக்கிரம் கற்றுக்கொண்டார்கள். இதில் வேடிக்கை, பயிற்சியில் திருப்தி குறைவாக இருந்ததும் அதே குழுவுக்குத்தான். தினம் கொஞ்சம் கொஞ்சமாகப் படிக்கும்போது நகராத மாதிரியே தோன்றும். அந்த நினைப்பை நம்பித்தான் பாதிப்பேர் பாதியில் விடுகிறார்கள். நீங்கள் மூன்று முறை விட்டதற்கும் அது ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, கும்மிக்கு வருகிறேன். உங்கள் கேள்விக்கான பதிலே அதில்தான் இருக்கிறது.

கும்மி பழகியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்? பொழுதோட ஒரு நேரம், அதே கோயில் திடல். போகலாமா வேண்டாமா என்று தினமும் யோசிக்கவில்லை. வாத்தியார் பாட்டெடுத்து ஓர் அடி காட்டுவார், அடுத்த நொடியே நீங்கள் ஆடியாக வேண்டும். மறுநாள் புது அடிக்கு முன் முதல்நாள் அடியைக் கேட்பார். தப்பினால் பக்கத்தில் ஆடுபவர் கையைத் தட்டிச் சரிசெய்வார். அரங்கேற்றத் தேதி ஊருக்கே தெரியும், சேலை முன்கூட்டியே எடுத்தாயிற்று. எக்செலுக்கு இதில் ஒன்றாவது உண்டா? இடமில்லை, நேரமில்லை, கேட்க ஆளில்லை, தேதியும் இல்லை. முக்கியமாக, கையால் செய்வதே இல்லை. யாரோ கும்மியடிப்பதைப் போனில் இரண்டு மணி நேரம் பார்த்துவிட்டு, காலையில் நமக்கு ஆட்டம் வரவில்லையே என்று வருத்தப்படுகிற மாதிரி இது.

பார்க்கும்போது புரிவதும் நினைவில் தங்குவதும் வேறுவேறு. ரோடிகர், கார்பிக்கி என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2006-ல் கல்லூரி மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். ஒவ்வொருவரும் ஒரு பாடத்தைப் படித்தபின் அதையே திரும்பப் படித்தார்கள், இன்னொரு பாடத்தைப் படித்தபின் மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்த பாடம்தான் முந்தியது. ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது அதில் 42 சதவீதம்தான் நினைவிருந்தது, எழுதிப் பார்த்த பாடத்தில் 56.

அதனால் பாடத்தில் ஐந்து நிமிடம் மட்டும் பாருங்கள். போனைக் கவிழ்த்து வையுங்கள். பார்த்ததை உங்கள் கையால் செய்யுங்கள். வராத இடத்தில் ஓரிரு நிமிடம் முட்டிமோதிவிட்டுப் பிறகு மறுபடி பாருங்கள். அந்த முட்டல்தான் படிப்பு. மதியச் சாப்பாட்டு நேரத்தில், காலையில் செய்ததைப் பார்க்காமல் ஒரு காகிதத்தில் நாலு வரி எழுதுங்கள். அதையே இரண்டு நாள் கழித்து ஒருமுறை, ஒரு வாரம் கழித்து ஒருமுறை. மறதி எவ்வளவு வேகமாக வருகிறது என்பதை ஜெர்மனியின் எபிங்ஹாஸ் தன்னையே சோதித்து 1885-ல் எழுதிவைத்தார். நீங்கள் காலையில் மறந்துபோவது உங்களுக்கு மட்டும் வந்த வியாதி இல்லை.

எதை வைத்துப் பழகுவது? யூடியூப்காரர் கொடுக்கும் மாணவர் மதிப்பெண் பட்டியல் வேண்டவே வேண்டாம். உங்கள் செக்கிங் டேபிள் கணக்கைப் போடுங்கள்: லாட் எண், பார்த்த பீஸ், ஓட்டை, எண்ணெய்க் கறை, தையல் விட்டது. முதல் வாரம் கூட்டல் மட்டும். இரண்டாம் வாரம் ரிஜெக்ட் சதவீதம். 480 பீஸில் 12 போனால் இரண்டரை சதவீதம் என்று வாயாலேயே சொல்லிவிடுவீர்கள், அதனால் எக்செல் தப்பாகக் காட்டினால் உடனே கண்டுபிடிக்கவும் முடியும். புதிதாக வருகிற பட்டதாரிக்கு இந்த வசதி கிடையாது. மூன்றாம் வாரம் ஃபில்டர், அதாவது வேண்டிய வரிகளை மட்டும் பிரித்துக் காட்டுவது. டாலர் குறி, விலுக்அப் மாதிரி சிக்கலான ஃபார்முலா வேலைகளெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

நேரத்தை இரவிலிருந்து காலைக்கு மாற்றுங்கள். அதற்காக நாலு மணிக்கு எழச் சொல்ல மாட்டேன். நாலு மணிக்கு எழுந்தால்தான் முன்னேறலாம் என்று சொல்லும் வீடியோக்காரர்கள் யாரும் ஒன்றரை ஷிப்ட் பார்ப்பதில்லை. பெரியவர்களுக்குக் குறைந்தது ஏழு மணி நேரத் தூக்கம் வேண்டும், நீங்கள் தூங்குவது நாலரை. பகலில் கற்றதை மூளை பதித்துக்கொள்வதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. பாடம் பார்க்கத் தூக்கத்தை வெட்டுவது, பால் காய்ச்ச அடுப்பை அணைத்த கதை. பத்து மணிக்குப் படுத்துவிடுங்கள். காலையில் பருப்புக்குக் குக்கர் ஏற்றியதும் உட்காருங்கள், இருபத்தைந்து நிமிடம் போதும். 'நேரம் கிடைக்கும்போது படிப்பேன்' என்பதைவிட 'குக்கர் ஏற்றியதும் உட்காருவேன்' என்று இடத்தையும் நேரத்தையும் முன்பே கட்டிவைத்தால் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். கால்விட்ஸர் என்ற உளவியலாளரின் ஆய்வுகள் இதைத் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன.

டீயையும் கொஞ்சம் கவனியுங்கள். குடித்த காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும், ஆளுக்கு ஆள் முன்னேபின்னே இருக்கும். ஆர்டர் நெருக்கும் நாட்களில் இரவு எட்டு மணிக்குக் குடிக்கிற டீ, ஒரு மணிக்கும் பாதி உள்ளேயே உட்கார்ந்திருக்கும். நாலு மணி டீயோடு நிறுத்திப் பாருங்கள்.

நோம்பி வரும், ஒறம்பரை வரும், பையனுக்குக் காய்ச்சல் வரும். நாள் தவறத்தான் செய்யும். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் 96 பேரை வைத்துச் செய்து 2010-ல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பழக்கம் தானாக நடக்கிற நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் பிடித்தது. சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள் வரை என்று கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் விட்டதால் பெரிய பாதகம் இல்லை. '21 நாளில் பழக்கம்' என்ற பேச்சை நம்பி 22-ஆம் நாள் உங்களையே திட்டிக்கொள்ளாதீர்கள். விட்ட நாளுக்கு மறுநாள் இரட்டிப்பாகவும் படிக்காதீர்கள். கும்மியில் ஓர் அடி தப்பினால் வரிசையைவிட்டு ஓடுவீர்களா? அடுத்த கைதட்டலில் சேர்ந்துகொள்வீர்கள், அவ்வளவுதானே.

வயசுக் கேள்விக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். லண்டன் டாக்ஸி உரிமத்துக்காக அந்நகரத் தெருக்களை மனப்பாடம் செய்த பெரியவர்களின் மூளையை, பயிற்சிக்கு முன்னும் சில வருடங்கள் கழித்தும் படமெடுத்துப் பார்த்தார்கள். தேர்ச்சி பெற்றவர்களுக்கு நினைவு சார்ந்த ஒரு பகுதி வளர்ந்திருந்தது. இது 2011-ல் வந்தது. 37 ஒரு வயசே இல்லை.

அந்தப் பையன் சிரித்ததைப் பற்றி. வள்ளி ஒயில் கும்மிக்காக 2024-ல் பத்மஸ்ரீ பெற்ற கோவைப் பகுதிக் கலைஞர் பத்திரப்பன், பெண்களையும் அந்த ஆட்டத்துக்குள் கொண்டுவந்தவர். அதற்கு முன் அது ஆண்களின் ஆட்டம். 'பொம்பளைகளுக்கு இது எதுக்கு' என்று அன்றைக்கும் யாராவது சிரித்திருப்பார்கள். இன்றைக்குத் திடலில் வரிசை கட்டி நிற்பது யாரென்று உங்களுக்கே தெரியும். முடிந்தால் அதே பையனிடம், "தம்பி, இந்தச் சதவீதம் மட்டும் சரியான்னு பாரு" என்று காட்டுங்கள். சொல்லிக்கொடுக்கும் இடத்தில் உட்காரவைத்தால் பலரும் சிரிப்பை நிறுத்திவிடுவார்கள். நிறுத்தாவிட்டால் அண்ணன் மகளோ பக்கத்து வீட்டுக் கல்லூரிப் பெண்ணோ போதும். ஆனால் ஒரு தேதி குறியுங்கள். எட்டு வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை, சம்பளம் வாங்கப் போகும்போது அந்த வாரச் செக்கிங் ரிப்போர்ட்டை நீங்களே போட்டு சூப்பர்வைசர் கையில் கொடுப்பதுதான் அரங்கேற்றம்.

கம்ப்யூட்டரில் கை வைக்கப் பயம் என்றால் ஒன்று சொல்கிறேன். கட்டிங்கில் தப்பாக வெட்டிய துணி திரும்பாது. எக்செலில் கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தினால் போதும், சற்றுமுன் செய்த தப்பு பெரும்பாலும் போய்விடும்.

வீட்டில் கம்ப்யூட்டர் இல்லையென்றால் போனில் கூகுள் ஷீட்ஸ் இலவசமாகவே கிடைக்கும், கூட்டல், சதவீதம், ஃபில்டர் எல்லாம் கிட்டத்தட்ட அதேபோலத்தான். ஒரு சாதாரண யூஎஸ்பி கீபோர்டும், அதைப் போனில் செருக உதவும் ஓடிஜி கேபிளும் வாங்கிக்கொள்ளுங்கள். எஃப், ஜே எழுத்துகளின் மேல் சின்ன மேடு இருக்கும். ஆள்காட்டி விரல்களை அங்கே வைத்துப் பழகினால் குனிந்து தேட வேண்டியதில்லை. கடையிலேயே உங்கள் போனில் செருகிப் பார்த்து வாங்குங்கள். சில போன்களில் செட்டிங்ஸில் ஓடிஜியை ஆன் செய்தால்தான் வேலை செய்யும்.