வாட்டர்கேட் நடக்காமல் இருந்திருந்தால்

அன்புள்ள ஐயா,

வாட்டர்கேட் பற்றிய ஓர் ஆவணப்படம் பார்த்தேன். 1972 ஜூனில் ஜனநாயகக் கட்சி அலுவலகத்துக்குள் ஐந்து பேர் புகுந்து மாட்டிக்கொள்கிறார்கள்; அதை மூடிமறைக்கப் பார்த்த அதிபர் நிக்சன் இரண்டே வருடத்தில் பதவி விலகுகிறார். அது நடக்காமல் இருந்திருந்தால் மக்களுக்கு அரசின் மேல் இருந்த நம்பிக்கை போயிருக்காது, ரீகன் வந்திருக்க மாட்டார், டிரம்ப்பும் வந்திருக்க மாட்டார் என்று தோன்றுகிறது. ஒரு சில்லறைத் திருட்டு ஒரு நாட்டின் அரசியலையே கெடுத்துவிட்டதா?

ஆர்., திண்டுக்கல்

அன்புள்ள ஆர்.,

'நடக்காமல் இருந்திருந்தால்' என்று நீங்கள் கேட்பதில் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. திருட யாரையும் அனுப்பாமல் இருந்திருந்தால் என்பது ஒன்று. அனுப்பி, போனவர்கள் மாட்டாமல் இருந்திருந்தால் என்பது இன்னொன்று.

முதலாவதை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை. அதற்கு நிக்சன் வேறு மனிதராக இருந்திருக்க வேண்டும். வியட்நாம் போர் பற்றிய ரகசிய ஆவணங்களை வெளியே கொண்டுவந்த டேனியல் எல்ஸ்பெர்க்கின் மனநல மருத்துவர் அலுவலகத்தை 1971 செப்டம்பரிலேயே வெள்ளை மாளிகை ஆட்கள் உடைத்துப் புகுந்தார்கள். ஜனநாயகக் கட்சி அலுவலகம் இருந்த வாட்டர்கேட் கட்டடத்துக்குள்ளும் அவர்கள் 1972 மே மாதக் கடைசியில் ஒருமுறை போய் ஒட்டுக்கேட்கும் கருவிகளை வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அதில் ஒன்று சரியாக வேலை செய்யவில்லை. அதனால்தான் ஜூன் 17-ல் மறுபடி போனார்கள்.

அன்று ராத்திரி காவல் வேலையில் இருந்தவர் ஃபிராங்க் வில்ஸ் என்ற 24 வயதுக் கறுப்பின இளைஞர். கதவுப் பூட்டின் மேல் டேப் ஒட்டியிருந்ததைப் பார்த்தார். வேலையாட்கள் யாரோ ஒட்டியிருப்பார்கள் என்று நினைத்து அதை உரித்துப் போட்டுவிட்டுப் போனார். திரும்பி வந்தால் மறுபடி டேப் ஒட்டியிருந்தது. போலீஸுக்கு போன் செய்தார். திருடப் போனவர்கள் இரண்டாவது தடவை டேப் ஒட்டாமல் இருந்திருந்தால் நீங்கள் கேட்கும் மாற்று வரலாறு அந்த நிமிடத்திலேயே தொடங்கியிருக்கும். ஆகவே 'மாட்டாத நிக்சன்' என்று வைத்துக்கொண்டே பேசுகிறேன்.

நம்பிக்கை போனது வாட்டர்கேட்டால்தானா? வாஷிங்டன் அரசு பெரும்பாலும் சரியானதைச் செய்யும் என்று நம்புகிறீர்களா என்று பல ஆண்டுகளாக அங்கே ஒரு கருத்துக்கணிப்பு எடுக்கிறார்கள். 1964-ல் 77 சதவீதம் பேர் ஆம் என்றார்கள். 1972-ல், அதாவது ஊழல் வெளியே வருவதற்கு முன்பே, அது 53-க்கு வந்துவிட்டது. 1974-ல் 36. பெரிய சரிவு முதலில் வந்தது. வியட்நாமிலிருந்து சவப்பெட்டிகள் வந்துகொண்டிருந்த வருடங்கள் அவை. வாட்டர்கேட் அதே சரிவை வேகப்படுத்தியது, அவ்வளவுதான்.

ரீகன் விஷயத்தில் நீங்கள் பாதி சரி. அவர் பின்னால் திரண்ட கூட்டம் வாட்டர்கேட்டால் பிறந்தது அல்ல. 1964-ல் குடியரசுக் கட்சி வேட்பாளர் கோல்ட்வாட்டர் படுதோல்வி அடைந்தபோதே நாட்டின் தென்கோடியில் 'ஆழ்தெற்கு' எனப்படும் ஐந்து மாநிலங்கள் குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துவிட்டன. ஆனால் 1976 அதிபர் தேர்தலை யோசித்துப் பாருங்கள். 1972-ல் 49 மாநிலங்களை வென்ற நிக்சன் நல்ல பெயரோடு இறங்கியிருந்தால், உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன் என்று சொல்லியே ஓட்டுக் கேட்டு ஜெயித்த ஜனநாயகக் கட்சியின் கார்ட்டர் தன் மாநிலமான ஜார்ஜியாவைத் தாண்டியிருப்பாரா? நிக்சனின் மனதில் இருந்த வாரிசு அவருடைய முன்னாள் நிதியமைச்சர் ஜான் கானலி. அவரோ வேறொரு குடியரசுக் கட்சிக்காரரோ ஜெயித்திருக்கலாம். அப்புறம் 1979-ன் எண்ணெய்த் தட்டுப்பாடு, ஈரானில் அமெரிக்கத் தூதரக ஊழியர்கள் பிணைக்கைதிகளானது, 13 சதவீதத்தைத் தாண்டிய விலைவாசி உயர்வு எல்லாம் அந்தக் கட்சியின் தலையில் விழுந்திருக்கும். 1980 ஜனநாயகக் கட்சிக்குப் போயிருக்கும். ரீகனுக்கு அப்போதே வயது 69, அடுத்த வாய்ப்புக்குக் காத்திருக்கும் வயது இல்லை.

எனக்கு உண்மையாகவே வருத்தம் தரும் இழப்பு ஒன்று உண்டு: மருத்துவக் காப்பீடு. அண்ணனைக் காசநோய்க்குப் பறிகொடுத்தவர் நிக்சன். முதலாளிகள் தங்கள் ஊழியர்களுக்குக் காப்பீடு தந்தே ஆகவேண்டும், ஏழைகளுக்கு அரசு தரும் என்ற திட்டத்தை 1974 பிப்ரவரியில் நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார். ஜனநாயகக் கட்சி செனட்டர் எட்வர்ட் கென்னடியும் சமரசத்துக்கு இறங்கி வந்தார். தொழிற்சங்கங்கள்தான் பொறுக்கலாம் என்றன. நிக்சன் விழப்போகிறார், அடுத்த தேர்தலில் இதைவிட நல்ல சட்டமே கிடைக்கும் என்று கணக்குப் போட்டன. தேர்தலில் ஜனநாயகக் கட்சி அமோகமாக ஜெயித்தது, சட்டம் மட்டும் வரவில்லை. ஒபாமா காலத்தில், 2010-ல்தான் அதற்குக் கொஞ்சம் பக்கத்தில் வந்தார்கள். இடையில் 36 வருடங்கள். காப்பீடு இல்லாமல் அத்தனை பேர் பட்ட பாட்டை நினைத்தால் மனம் ஆறவில்லை.

இவ்வளவு சொன்ன பிறகும், அந்தக் கதவில் டேப் கண்ணில் பட்டதே நல்லது என்றுதான் சொல்வேன். நாடாளுமன்றம் ஒதுக்கிய பணத்தைச் செலவு செய்யாமல் நிறுத்திவைப்பது நிக்சனின் வழக்கம். அதைத் தடுக்கும் சட்டம் 1974 ஜூலையில் அவர் கையெழுத்தோடுதான் வந்தது. பதவி ஆட்டம் காணாத நிக்சன் அதில் கையெழுத்துப் போட்டிருப்பாரா? 2025-ல் டிரம்ப் அரசு நிதியை நிறுத்தியபோது எதிர்த்தவர்கள் அந்தச் சட்டத்தையும் தூக்கிக்கொண்டுதான் நீதிமன்றம் போனார்கள். உளவுத்துறை சொந்த மக்களையே வேவு பார்க்க நீதிமன்ற அனுமதி வேண்டும் என்ற 1978 சட்டமும் அந்த அலையில் வந்ததே. எல்லாம் நல்லதாகவே முடிந்தது என்று சொல்ல மாட்டேன். அதே வருடம் உருவான, அதிபரையே விசாரிக்கக்கூடிய தனி வழக்கறிஞர் ஏற்பாடுதான் கென்னத் ஸ்டார் என்ற வழக்கறிஞர் கையில் போய் 1998-ல் அதிபர் கிளின்டன் மேல் பதவி நீக்கத் தீர்மானம் வரை இழுத்துவிட்டது. இரண்டு கட்சியுமே வெறுத்துப்போய் 1999-ல் அதைக் காலாவதியாக விட்டுவிட்டன.

கடைசியாக ஒன்று. நீங்கள் எழுதிய 'சில்லறைத் திருட்டு' கிட்டத்தட்ட நிக்சனின் செய்தித் தொடர்பாளரே சொன்னதுதான். அவர் 'மூன்றாந்தரத் திருட்டு' என்றார். அந்தத் திருட்டை விசாரிக்கப் போனதால்தான், 1971 பிப்ரவரியிலிருந்து வெள்ளை மாளிகையில் நிக்சனின் பேச்சுகளை ரகசியமாகப் பதிவு செய்த ஒலிநாடாக்கள் இருப்பது தெரிந்தது. சுமார் 3,700 மணி நேரம். பதவி விலகிய பிறகும் அவற்றைக் காலப்போக்கில் அழித்துவிட நிக்சன் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார். நாடாளுமன்றம் அவசரமாகச் சட்டம் இயற்றிக் கைப்பற்றியது. மாட்டாத நிக்சன் என்றால் அவை அவருடைய சொந்தச் சொத்து, பதவிக்காலம் முடிந்து 1977 ஜனவரியில் பெட்டியில் போட்டு வீட்டுக்கு எடுத்துப் போயிருப்பார்.

அதில் 1971-ன் பெரும்பகுதி இருக்கிறது. டாக்காவில் பாகிஸ்தான் ராணுவம் மக்களைக் கொன்று குவித்தபோது நிக்சனும் அவருடைய பாதுகாப்பு ஆலோசகர் கிஸ்ஸிஞ்சரும் என்ன பேசினார்கள், சட்டப்படி கூடாது என்று தெரிந்தும் ஈரான், ஜோர்டான் வழியாகப் பாகிஸ்தானுக்குப் போர் விமானங்கள் அனுப்ப எப்படி வழி தேடினார்கள் என்பதெல்லாம் இன்று நமக்குத் தெரிகிறது. முந்தின நாள் இந்திரா காந்தியைச் சந்தித்துப் பேசிவிட்டு, நவம்பர் 5 காலையில் அவரைக் கிழட்டுச் சூனியக்காரி என்று நிக்சன் திட்டுவதும் அதில் உண்டு. இது 2005-ல் வெளியானபோது கிஸ்ஸிஞ்சர் அந்த உரையாடலில் தான் பேசியதற்கு வருத்தம் தெரிவித்தார்.

அந்த உரையாடலை நீங்களே கேட்டுப் பாருங்கள். ஒலி அவ்வளவு தெளிவாக இருக்காது, ஹெட்ஃபோன் போட்டுக்கொள்ளுங்கள்.

அன்புடன்.