குட்டி போட்ட தெருப் பூனையை வீட்டுக்குள் எடுத்து வந்திருக்கிறோம். ஏற்கெனவே இருக்கும் பூனையோடு எப்படிப் பழக்குவது?

குட்டிகள் பிறந்து நாலு நாள்தான் ஆகிறது, வீட்டுப் பூனை கதவுக்கு வெளியே உட்கார்ந்து உறுமுகிறது, சரியாகச் சாப்பிடுவதில்லை, இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டையும் பார்க்க விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

தயவுசெய்து வேண்டாம். இந்த ஞாயிறு மட்டுமல்ல, இன்னும் ஒரு மாதத்துக்காவது அந்த இரண்டும் ஒன்றை ஒன்று பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. தாய்ப் பூனைக்கு இப்போது தேவை மூடிய கதவு. அதற்குத் தோழமை தேடித் தரும் நேரம் இதுவல்ல. நான் இதைத் தப்பாகச் செய்து கற்றுக்கொண்டேன் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு திருச்சியில். மூன்று வருடத்துக்கு முன் கார்த்திகை மழையில் மோட்டார் ஷெட்டுக்குள் தண்ணீர் ஏறிவிட்டது. ஒரு முக்கலர்ப் பூனை, குட்டியை வாயில் கவ்விக்கொண்டு, எங்கே வைப்பது என்று தெரியாமல் மாடிப்படியில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. குட்டி போட்ட பூனை மாதிரி அலைகிறான் என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறோம். அந்த அலைச்சல் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். நாலு குட்டிகள். எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வந்தோம். வீட்டில் ஏற்கெனவே மீனு இருந்தாள், நாலு வயது, கருத்தடை செய்த பெண் பூனை. வந்தவளுக்குப் புள்ளி என்று பெயர் வைத்தோம்.

அம்மா அன்றைக்கே சொன்னார்: "பச்சை உடம்புக்காரி. ஒரு ரூமைக் குடுத்துட்டு நீ வெளியே வந்துடு." அதை அப்படியே கேட்டிருக்கலாம்.

அறை சின்னதாக இருந்தாலும் போதும், கதவு நன்றாகச் சாத்த வேண்டும். வாஷிங் மெஷின் வந்த அட்டைப் பெட்டியில் முன்பக்கம் வாசல் வெட்டி, குட்டிகள் உருண்டு வெளியே வராதபடி கீழே நாலு விரல் உயரம் விட்டு, உள்ளே பழைய பருத்திப் புடவையை மடித்துப் போட்டோம். டர்க்கி டவல் வேண்டாம், குட்டிகளின் நகம் நூலில் மாட்டும். பூனை மலம் கழிக்கும் மண் தொட்டியைப் பெட்டியிலிருந்து தள்ளி வையுங்கள். அந்தத் தொட்டிக்கென்று கடையில் விற்கும், தண்ணீர் பட்டால் கட்டியாகும் மணல் (லிட்டர்) குட்டிகள் இருக்கும் இடத்தில் வேண்டாம், வாயில் போட்டுக்கொள்ளும். பால் கொடுக்கும் பூனை வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு சாப்பிடும். அதற்குக் குட்டிகளுக்கான உலர்தீனியே (கிப்பிள்ஸ்) நல்லது, கூட வேகவைத்த கோழியோ மீனோ முள் எடுத்துக் கொடுக்கலாம். பசும்பால் வேண்டாம், வயிற்றுப்போக்குதான் வரும்.

பழக்குவதைவிட முக்கியமான விஷயம் நோய். தெருவிலிருந்து வந்த பூனை பார்க்க நன்றாக இருந்தாலும் பான்லூக்கோபீனியா என்ற தொற்றுநோயின் கிருமியைக் கொண்டு வந்திருக்கலாம். நாய்களுக்கு வரும் பார்வோ வைரஸின் இனம்தான் இது. குட்டிகளைச் சீக்கிரம் கொன்றுவிடும். வீட்டுத் தரையில் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். சாதாரண ஃபினாயிலுக்கு அது சாகாது. அதோடு ஃபினாயிலும் டெட்டாலும் பூனைகளுக்கே விஷம்; பாதத்தில் பட்டதை அவை நக்கிவிடும். நாங்கள் பிளீச்சிங் பவுடர் கரைசலில் வாசற்படியைத் துடைத்து, நன்றாகக் கழுவிக் காயவிட்டோம். அறைக்கென்று தனிச் செருப்பு, தனித் தட்டு. வெளியே வந்ததும் சோப்பு போட்டுக் கை கழுவல். இப்படிக் குறைந்தது இரண்டு வாரம். இந்த இடைவெளியில் உங்கள் பூனையின் தடுப்பூசி அட்டையை எடுத்துப் பாருங்கள். ட்ரைகேட் (பூனைகளின் மூன்று நோய்களுக்கான கூட்டுத் தடுப்பூசி), ரேபிஸ் இரண்டும் நடப்பில் இல்லையென்றால் முதல் வேலை அதுதான். டாக்டரிடம் தாயைக் காட்டும்போது பூனைகளின் எதிர்ப்புச் சக்தியைக் குலைக்கும் எஃப்ஐவி, எஃப்இஎல்வி வைரஸ்களுக்கான பரிசோதனையும் கேளுங்கள், கொஞ்சம் ரத்தம் எடுத்து டெஸ்ட் கிட்டில் பார்த்துவிடுவார்கள். தெள்ளுப்பூச்சி இருந்தால் சீப்பால் வாரி எடுங்கள். நாய்க்கு வாங்கி வைத்த உண்ணி மருந்தை எடுத்துத் தடவிவிடாதீர்கள். அவற்றில் பலவற்றில் இருக்கும் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து பூனையின் உயிருக்கே ஆபத்து.

உங்கள் பூனை ஆணா என்று நீங்கள் எழுதவில்லை. கருத்தடை ஆகாத ஆணாக இருந்தால் இந்தப் பேச்சே வேறு. குட்டிகளைக் கொன்றுவிடக்கூடும், தாயையும் மறுபடி சினையாக்கிவிடும். பால் கொடுக்கும்போது சினை பிடிக்காது என்று நம்பாதீர்கள், பிடிக்கும்.

இப்போது என் தப்பு. குட்டிகளுக்குப் பன்னிரண்டு நாள் இருக்கும், அப்போதுதான் கண் திறந்திருந்தன. மீனு கதவுக்கு வெளியே படுத்துக் கொஞ்ச நாளாக அமைதியாக இருந்தாள். பழகிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். ஒரு கையில் தட்டு, ஒரு கையில் தண்ணீரோடு கதவைத் தோளால் தள்ளியபோது அவள் என் காலுக்கிடையில் புகுந்து உள்ளே போனாள். அவளைத் தடுக்க நான் அவசரப்படவில்லை, மோந்து பார்த்துவிட்டு வருவாள் என்று விட்டுவிட்டேன். புள்ளி பெட்டியிலிருந்து பாய்ந்தது மட்டும்தான் கண்ணில் பட்டது. சீறல்கூட இல்லை, நேராக முகத்தில் விழுந்தாள். மீனு மூக்கில் ரத்தத்தோடு பரண்மேல் ஏறிவிட்டாள். சமாதானப்படுத்தக் கை நீட்டிய அம்மாவின் மணிக்கட்டை அடுத்த நிமிடமே கிழித்துவிட்டாள். பயமும் கோபமும் தலைக்கேறிய பூனை எதிரில் வருபவர் யார் என்று பார்க்காது. அந்த நேரத்தில் தொடக் கூடாது என்பது எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். அம்மாவின் கையைக் குழாயடியில் கால் மணி நேரம் சோப்பு போட்டுக் கழுவி, அரசு மருத்துவமனையில் ரேபிஸ் ஊசி போட்டுக்கொண்டு வந்தோம். உங்களுக்கும் அதைத்தான் சொல்வேன். பிறாண்டலோ கடியோ, சின்னதாக இருந்தாலும் போய்விடுங்கள், ஊசி அங்கே இலவசம்.

அன்று இரவு புள்ளி நாலு குட்டிகளையும் ஒவ்வொன்றாகக் கவ்விப் பீரோவுக்குப் பின்னால் கொண்டுபோய்விட்டாள். சமையலறைத் தராசில் ஸ்டீல் கிண்ணம் வைத்துத் தினமும் எடை பார்த்துக் குறித்து வந்தேன். இந்த வயதில் நாளுக்குப் பத்துப் பதினைந்து கிராம் ஏற வேண்டும். எல்லாவற்றிலும் சிறியது, கருப்பு, முதல் நாள் 214. அடுத்த நாள் 216. அதற்கடுத்த நாளும் 216. உள்ளங்கையில் அதன் வயிறு தட்டையாக இருந்தது. டாக்டர் சொன்னபடி குட்டிகளுக்கான பால் பவுடரைக் கரைத்து, குப்புறப் படுத்த நிலையிலேயே சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். நாலாம் நாள் 231 வந்தது. அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன்.

அதன் பிறகு அவசரப்படவே இல்லை. குட்டிகளுக்கு நாலு வாரம் ஆன பிறகு வாசனையிலிருந்து தொடங்கினோம். புள்ளியின் கன்னத்தில் தேய்த்த துணியை மீனுவின் தட்டுக்கு இரண்டடி தள்ளி வைப்பேன், மீனுவின் துணியைப் புள்ளியின் தட்டுக்குப் பக்கத்தில். பெட்டிக்குள் மட்டும் வைக்க மாட்டேன், அது குட்டிகளின் இடம். முதல் நாள் மீனு துணியைப் பார்த்துச் சீறிவிட்டுச் சாப்பிடாமல் போனாள். எட்டாம் நாள் மோந்து பார்த்தாள், தும்மினாள், திரும்பி வந்து தட்டைக் காலி செய்தாள். நான் காத்திருந்தது இதற்குத்தான். அப்புறம் மூடிய கதவுக்கு இரண்டு பக்கமும் சாப்பாடு.

அடுத்தது பார்ப்பது. எங்கள் கொல்லைப்புற வாசலில் மரக்கதவோடு கொசுவலைக் கதவும் இருந்தது ரொம்ப உதவியாக இருந்தது. குட்டிகளை அறையில் விட்டு மூடிவிட்டு, புள்ளியை மட்டும் அந்தப் பக்கம் கொண்டுவந்து, நடுவில் வலையோடு இரண்டுக்கும் நெத்திலி வைப்போம். ஐந்து நிமிடம், அவ்வளவுதான். யாராவது ஒருத்தி கண்கொட்டாமல் முறைத்தால், வால் புசுபுசுவென்று ஆனால், பேசாமல் மரக்கதவைச் சாத்திவிடுவோம். வலை பழசாக இருந்தால் பின்னால் ஒரு கம்பித் தட்டியும் வையுங்கள், கிழித்துக்கொண்டு வந்துவிடும்.

இதெல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது, குட்டிகள் பால் மறந்ததும் புள்ளிக்குக் கருத்தடை செய்து வந்தோம். மருந்து வாசனையோடு அவள் வந்த அன்றைக்கு மீனு முதல் நாளைப் போலவே சீறினாள். மறுபடி துணியிலிருந்து ஆரம்பித்தோம். பின்னால் போக வேண்டியிருந்தால் தயங்காமல் போங்கள்.

குட்டிகளைக் கடைசியில்தான் காட்டினோம், எட்டு வாரம் தாண்டி, முதல் ஊசி போட்ட பிறகு. அதுவும் புள்ளி அந்த அறையில் இல்லாதபோது. கருப்பன் நேராகப் போய் மீனுவின் வாலைப் பிடித்தான். அவள் ஒரு தட்டு தட்டினாள், நகம் நீட்டவில்லை. அவன் உருண்டு எழுந்து மறுபடி வாலுக்கே போனான்.

உங்கள் வீட்டுப் பூனை சரியாகச் சாப்பிடாததை மட்டும் சும்மா விடாதீர்கள். அதன் தட்டை அந்தக் கதவிலிருந்து வேறு அறைக்கு மாற்றுங்கள், அது வழக்கமாகத் தூங்கும் இடத்தில் யாராவது தினமும் அதோடு உட்காருங்கள். முழுதாக ஒரு நாளுக்கு மேல் ஒன்றுமே தொடவில்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள், பூனைக்குப் பட்டினி ஈரலைப் பாதிக்கும்.

இரண்டு குட்டிகளை நண்பர்கள் வீட்டுக்குக் கொடுத்தோம். மீனுவும் புள்ளியும் இன்றுவரை ஒன்றை ஒன்று நக்கிக்கொண்டது கிடையாது. சாயங்காலம் ஒரே ஜன்னல் திண்டில், நடுவில் ஒரு முழம் இடம் விட்டு, இரண்டும் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருக்கும். அந்த ஒரு முழத்தில் கருப்பன் தூங்குவான்.