தாத்தா ரைபிளின் கட்டையை அறுத்தது யார்?

கேள்வி: எங்கள் தாத்தா தென்மலைப் பக்கம் ரப்பர் எஸ்டேட்டில் கணக்குப்பிள்ளை. துரை ஊருக்குக் கிளம்பும்போது விட்டுப்போன 303 ரைபிள் இப்போது மாமா பெயரில் லைசென்ஸோடு இருக்கிறது. குழலைத் தாங்கும் முன்கட்டை பாதிக் குழலோடு நின்றுவிடுகிறது. பட்டாளத்து ரைபிளை அறுத்தது என்கிறார் ஒருவர், கம்பெனியே அப்படித்தான் செய்தது என்கிறார் இன்னொருவர். எப்படிக் கண்டுபிடிப்பது? புதுக்கட்டை போட்டால் மதிப்பு கூடுமா? (வாசகர், செங்கோட்டை)

பதில்: இரண்டு பேர் சொல்வதும் நடந்திருக்கலாம். பி.எஸ்.ஏ. என்ற இங்கிலாந்துத் துப்பாக்கிக் கம்பெனி, பிரிட்டிஷ் பட்டாளத்து ரைபிளான லீ என்ஃபீல்டு அமைப்பிலேயே குட்டைக் கட்டை வைத்து, வேட்டைக்கென்று 'லீ ஸ்பீடு' ரைபிள்களை விற்றது. துரைமார் கையில் அதுவும் இருந்தது. அதனால் கட்டையைப் பார்க்கும் முன் இரும்பைப் படியுங்கள். போல்ட் கைப்பிடிக்குக் கீழே, தோளில் வைக்கும் பின்கட்டை நுழையும் இரும்பின் வலப்பக்கத்தில் கிரீடமும் ஜி.ஆர். (ஜார்ஜ் மன்னர்) எழுத்தும் வருடமும் மார்க் 3 என்பதும் இருந்தால் அது 1907இல் வந்த பட்டாளத்து வகை. அந்த வகையில் மரம் கிட்டத்தட்ட குழல் வாய் வரை போகும். அது உங்களிடம் பாதியில் நிற்கிறது என்றால் யாரோ ரம்பம் வைத்திருக்கிறார்கள், சந்தேகமே வேண்டாம்.

ரம்பம் பட்ட கட்டை சாட்சியையும் விட்டுவைக்கும். குறி பார்க்க உதவும் பின் குறிக்குக் காவலாக இரண்டு பக்கமும் காது மாதிரி இரும்பு இருக்கும், அதைக் கழற்றியிருந்தால் மரத்தில் அதன் தடம் தெரியும். முன்கட்டையின் இடப்பக்கத்தில் ஒரு பள்ளமோ, அதை அடைத்த மரத்துண்டோ இருந்தால், தூரத்துக் குறிக்கான பழைய தகடு உட்கார்ந்த இடம் அது. 1916இல் வந்த மார்க் 3 நட்சத்திர வகையில் அந்தத் தகட்டையே விட்டுவிட்டார்கள். பின்கட்டையின் வலப்பக்கத்தில் வட்டமாக அடைத்திருந்தால் அங்கே பித்தளை வில்லை இருந்திருக்கும்.

ஆனால் எல்லா ஒட்டும் திருட்டு வேலை இல்லை. பட்டாளத்துப் பட்டறையிலேயே கச்சிதமாக மரம் பதித்துப் பழுது பார்த்திருக்கிறார்கள். கொல்கத்தா பக்கம் இஷாப்பூர் ரைபிள் தொழிற்சாலையில் முன்கட்டைக்குக் குறுக்கே ஒரு திருகு போட்டுப் பலப்படுத்தினார்கள். அதைப் பார்த்து எவனோ ஓட்டை போட்டுக் கெடுத்துவிட்டான் என்று திட்டுகிறவர்கள் உண்டு, பாவம்.

இப்போது புதுக்கட்டை விஷயம். இதைத்தான் நான் பயந்து பயந்து சொல்வேன். அறுத்த கட்டையின் நுனியில் வேறு மரத்தை ஒட்டி, ஒட்டிய இடத்தை இரும்புப் பட்டைக்குள் மறைத்து, 'அசல்' என்று விற்கிற வேலை ஊர் உலகம் எங்கும் நடக்கிறது. வாங்குகிறவன் பட்டையைக் கழற்றினால் கோடு தெரிந்துவிடும். முன்கட்டை நுனியின் அடியில் துப்பாக்கி எண் குத்தியிருப்பார்கள். அறுத்தபோது அந்த எண்ணும் போயிருக்கும். புதுக்கட்டையில் அதே எண்ணை ஆசாரியை விட்டுக் குத்தச் சொல்லாதீர்கள். இரும்பில் உள்ள எண்ணில் கைவைத்தால் ஆயுதச் சட்டப்படி குற்றம், அது வேறு. துரையும் தாத்தாவும் வைத்திருந்த ரைபிளாகவே அப்படியே இருக்கட்டும்.

அப்புறம் ஒன்று, மாமா கழற்றுவதாக இருந்தால் முதலில் முன்கட்டை, பிறகுதான் பின்கட்டை. பின்கட்டையை இரும்போடு பிணைக்கும் நீளப் போல்ட்டின் சதுர நுனி முன்கட்டைக்குள் ஒரு தகட்டில் மாட்டியிருக்கும். முன்கட்டையை எடுக்காமல் போல்ட்டைத் திருகினால் மரம் பிளந்துவிடும், நூறு வருஷம் தாங்கியது ஒரு நிமிஷத்தில்.

கேள்வி: கட்டைக்கு வார்னிஷ் அடிக்கலாமா? மழைக்காலத்தில் ஊறிப்போகிறது. (வாசகர், கம்பம்)

பதில்: வேண்டவே வேண்டாம். உப்புத்தாளும் வேண்டாம், தேய்த்தால் முத்திரை எல்லாம் போய் மரம் இரும்பை விடத் தாழ்ந்துவிடும், தேய்த்தது என்று அதை வைத்தே கண்டுபிடித்துவிடுவார்கள். ஆளிவிதை எண்ணெயைத் துணியில் தொட்டு மெலிதாகத் தேயுங்கள். தேங்காய் எண்ணெய் காயாது, பிசுபிசுவென்று தூசியைத்தான் பிடிக்கும்.