பச்சை உடம்புக்காரியைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

பிரசவத்துக்குப் பிந்தைய கவனிப்பு பற்றிக் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை குழந்தையைப் பற்றியே இருந்தன. அவற்றை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, பெற்றவளைப் பற்றிய கேள்விகளுக்கு மட்டும் எங்கள் மகப்பேறு மருத்துவக் குழு இங்கே பதில் சொல்கிறது.

மகளுக்குச் சுகப்பிரசவம். மூன்றாம் நாள் வீட்டுக்குக் கூட்டி வந்துவிட்டோம். எங்கள் பக்கத்தில் பத்து நாளைக்குத் தண்ணீர் அதிகம் கொடுக்க மாட்டார்கள். குடித்தால் வயிறு பெருத்துவிடும், தையல் ஆறாது என்பார்கள். சாப்பாடும் பூண்டுக் குழம்பு, கருவாடு என்று பத்தியம்தான். டாக்டரோ எல்லாம் கொடுங்கள் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?
– வாசகி, சிவகங்கை

தண்ணீர் விஷயத்தில் டாக்டர் பேச்சைக் கேளுங்கள். பூண்டு விஷயத்தில் உங்கள் இஷ்டம்.

தண்ணீரைக் குறைத்தால் முதலில் மலம் இறுகும். அவள் முக்குவாள், தையல் வலிக்கும். வலிக்குப் பயந்து போகாமல் அடக்குவாள், இன்னும் இறுகும். சிறுநீரும் குறைந்து எரிச்சல், கிருமித்தொற்று என்று போகும். இவற்றைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை ரத்தம் எளிதில் உறையும் நிலையில் இருக்கும். தண்ணீரும் குடிக்காமல் படுத்த படுக்கையாகவும் இருந்தால் கால் ரத்தக் குழாயில் ரத்தம் கட்டிக்கொள்ளலாம், அது நுரையீரலுக்கும் போகலாம். எனவே நாளைக்கு இரண்டரை முதல் மூன்று லிட்டர் வரை உள்ளே போகட்டும். வெந்நீர், சீரகத் தண்ணீர், ரசம், மோர், பால் எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கெட்டும் இடத்தில் ஒரு சொம்பு வைத்துவிட்டால் தனியாக நினைவூட்ட வேண்டியதில்லை. சிறுநீர் வெளிர் மஞ்சளாகப் போனால் போதுமான அளவு குடிக்கிறாள் என்று பொருள்.

பத்தியச் சாப்பாட்டில் பூண்டு, சுக்கு, மிளகு, சீரகம் எதுவும் கெடுதல் இல்லை. கெடுதல் எதில் என்றால், பருப்பு, காய், பழம், மோர் என்று ஒவ்வொன்றாகத் தள்ளிவைத்துக் கடைசியில் வெறும் சோறும் குழம்பும் மட்டும் மிஞ்சுவதில்தான். பால் கொடுக்கும் முதல் ஆறு மாதம் வழக்கமான சாப்பாட்டுக்கு மேல் நாளொன்றுக்குச் சுமார் 600 கலோரி தேவை. கூடுதலாக இரண்டு இட்லியும் சாம்பாரும், ஒரு டம்ளர் பால், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வேர்க்கடலை, ஒரு வாழைப்பழம் கொடுத்தால் ஏறத்தாழ அந்தக் கணக்கு வந்துவிடும். மூன்று வேளை வயிறு முட்டக் கொடுப்பதைவிட ஐந்தாறு முறையாகப் பிரித்துக் கொடுங்கள். சுறாப்புட்டு புரதத்துக்கு நல்லதுதான். ஆனால் பெரிய சுறாவின் உடலில் பாதரசம் சேர்ந்திருக்கும், அது தாய்ப்பாலிலும் வரும். தினமும் சுறா என்பதை விட்டுவிட்டு நெத்திலி, மத்தி வாங்குங்கள். கருவாட்டில் உப்பு அதிகம். கர்ப்பத்தில் பிரஷர் இருந்தவர்களுக்கு அது வேண்டாம்.

பிரசவ லேகியம் வீட்டில் கிளறியது என்றால் காலையில் ஒரு சிறு நெல்லிக்காய் அளவு போதும். என்ன சேர்ந்தது என்று தெரியாத பொடியும் செந்தூரமும் கூடாது.

மாத்திரையை மறந்துவிடாதீர்கள். 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் சேர்ந்த மாத்திரையைப் பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள் தினம் ஒன்று எடுக்க வேண்டும். 500 மில்லிகிராம் கால்சியம் மாத்திரையை நாளைக்கு இரண்டு என ஆறு மாதம். இரண்டையும் சேர்த்து விழுங்கினால் கால்சியம் இரும்பை உடலில் ஏறவிடாது. கால்சியத்தைக் காலை, மதியச் சாப்பாட்டோடும் இரும்பை இரவிலும் கொடுங்கள். இரும்பு மாத்திரைக்கு முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ, காபி, பால் வேண்டாம்.

சென்னையில் நானும் மனைவியும் மட்டும்தான். இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் வர முடியாத நிலை. நாளை டிஸ்சார்ஜ். முதல் இரண்டு வாரம் நான் என்னென்ன கவனிக்க வேண்டும்?
– வாசகர், பெரம்பூர்

முதலில் உதிரப்போக்கு. முதல் மூன்று நான்கு நாள் சிவப்பாகப் போகும். பத்து நாள் வரை பழுப்பும் இளஞ்சிவப்புமாக மாறும். பிறகு மஞ்சள் கலந்த வெள்ளையாக நான்கு முதல் ஆறு வாரம் வரை நீடிக்கலாம். படுத்து எழும்போதும் பால் கொடுக்கும்போதும் சற்று அதிகம் வருவது இயல்பு. ஒரு பேட் ஒரு மணி நேரத்துக்குள் முழுக்க நனைந்தாலோ, எலுமிச்சை அளவுக்குக் கட்டி விழுந்தாலோ காத்திருக்காதீர்கள், 108-ஐ அழையுங்கள். குறைந்து பழுப்பான பிறகு மறுபடி சிவப்பாக வந்தால் பெரும்பாலும் அவர் அளவுக்கு மீறி வேலை செய்திருக்கிறார் என்று அர்த்தம். படுக்க வையுங்கள். அன்றைக்குள் குறையாவிட்டால் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். துர்நாற்றமும் 100.4 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் சேர்ந்தால் கருப்பையில் தொற்று. நம் ஊரில் ஜன்னி என்று சொல்லப்பட்டதில் ஒரு பகுதி இதுதான். இதற்கு ஆன்டிபயாட்டிக் வேண்டும், கஷாயம் போதாது.

முதல் சில நாள் மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை சிறுநீர் கழிக்கச் சொல்லுங்கள். நீண்ட நேரம் வலி எடுத்துப் பெற்றவர்களுக்குச் சில சமயம் சிறுநீர் முட்டுவதே தெரியாது. நிரம்பிய சிறுநீர்ப்பை கருப்பையைச் சுருங்கவிடாமல் தடுக்கும், அதனால் உதிரப்போக்கு கூடும்.

அடுத்தது பிரஷர். குழந்தை பிறந்துவிட்டால் பிரஷர் தானே இறங்கிவிடும் என்று நினைப்பவர்கள் அதிகம். உண்மையில் மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரைதான் அது உச்சத்துக்குப் போகும். பெரும்பாலானவர்கள் அதற்குள் வீட்டுக்கு வந்துவிடுகிறார்கள். கர்ப்பத்தில் பிரஷர் இருந்திருந்தால் மூன்றாம் நாளுக்குள் ஒரு முறையும், ஏழு முதல் பத்து நாளுக்குள் இன்னொரு முறையும் கட்டாயம் பாருங்கள். 140/90 வந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள். 160/110 வந்தால் உடனே கிளம்புங்கள். முன்பு பிரஷரே இல்லாதவருக்கும் புதிதாக வரலாம். தாங்க முடியாத தலைவலி, கண் மங்குதல், மேல்வயிற்று வலி என்றால் தைலம் தேய்த்துவிட்டுப் படுக்க வைக்காதீர்கள். ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, மூச்சு வாங்கி நெஞ்சு வலித்தாலோ அதுவும் அவசரம்தான்.

மற்றபடி வேலைப் பங்கீடு. பால் கொடுப்பது ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் நீங்கள் செய்ய முடியும். இரவில் குழந்தை அழுதால் எழுந்து, துணி மாற்றி, அவரிடம் கொடுத்து, குடித்து முடித்ததும் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விட வைத்துப் படுக்க வையுங்கள். அவர் படுக்கையை விட்டு இறங்கவே தேவையில்லை. பகலில் ஒரு முறை பால் கொடுத்து முடித்ததும் குழந்தையோடு அடுத்த அறைக்குப் போய்விடுங்கள், இரண்டு மணி நேரமாவது தொடர்ந்து தூங்கட்டும். வருகிறவர்களுக்கு டீ போடும் வேலை அவருடையது அல்ல. வாசலிலேயே நேரம் சொல்லி அனுப்பும் கடுமை உங்களுக்கு வந்தால் நல்லது. உறவுக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள், பேர் சூட்டும்போது சரியாகிவிடுவார்கள்.

மருமகளுக்குச் சிசேரியன். எப்போது குளிக்க ஊற்றலாம்? காயத்தில் மஞ்சள் பூசலாமா?
– வாசகி, தஞ்சாவூர்

மஞ்சள், தேங்காய் எண்ணெய், பவுடர் எதுவும் காயத்தில் படக்கூடாது. கட்டுப் பிரித்தபின் குளிக்கலாம். சோப்புத் தண்ணீர் காயத்தின் மேல் வழிந்து ஓடட்டும், தேய்க்க வேண்டாம். பிறகு சுத்தமான துணியால் ஒற்றி எடுங்கள். வயிறு மடிப்பு விழும் உடம்பென்றால் காயம் அந்த மடிப்புக்குள் ஈரமாகவே இருந்துவிடும். படுக்க வைத்து மடிப்பைத் தூக்கிச் சிறிது நேரம் காற்றில் உலரவிடுங்கள். சிவந்து வீங்கினாலோ, சீழ் வந்தாலோ, தையல் விட்டுப்போனாலோ காட்ட வேண்டும்.

பிள்ளை பெற்றவளுக்குக் கொதிக்கக் கொதிக்க வயிற்றில் தண்ணீரை வீசி ஊற்றும் பழக்கம் சிசேரியன் உடம்புக்கு ஆகவே ஆகாது. சுகப்பிரசவக்காரர்களுக்கும் அதிகச் சூட்டில் ரத்த அழுத்தம் இறங்கிக் குளியலறையிலேயே மயக்கம் வரும். முதல் சில குளியலுக்கு ஒருவர் கூடவே நிற்க வேண்டும். உட்காரப் பிளாஸ்டிக் ஸ்டூல் போடுங்கள்.

எழும்போது நேராக எழுந்து உட்கார்ந்தால் தையல் இழுக்கும். முழங்காலை மடக்கி, ஒருக்களித்துப் புரண்டு, கால்களைக் கட்டிலுக்கு வெளியே விட்டு, கையை ஊன்றி எழ வேண்டும். இருமும்போதும் தும்மும்போதும் மடித்த துண்டைக் காயத்தின் மேல் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். ஆறு வாரம் வரை குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்கக்கூடாது. நிறைந்த குடமும் கேஸ் சிலிண்டரும் இதில் அடக்கம். வலி மாத்திரையை, வலி வந்த பிறகு என்று தள்ளிப்போடாமல் எழுதிக்கொடுத்த நேரத்துக்குக் கொடுங்கள். வலி இருந்தால் நடக்க மாட்டாள், நடக்காவிட்டால் ரத்தம் கட்டும்.

வயிறு கட்டினால்தான் பழைய அளவுக்கு வருமா?
– வாசகி, ஈரோடு

அப்படி இல்லை. பிரசவம் முடிந்ததும் சுமார் ஒரு கிலோ எடை இருக்கும் கருப்பை, யார் கட்டினாலும் கட்டாவிட்டாலும் ஆறு வாரத்தில் 100 கிராமுக்கும் கீழே சுருங்கிவிடும். தளர்ந்த வயிற்றுக்கு ஒரு பிடிமானமாக இருக்கிறது, இடுப்புக்கு இதமாக இருக்கிறது என்றால் கட்டிக்கொள்ளலாம். துணிக்குள் இரண்டு விரல் எளிதாக நுழைய வேண்டும், தூங்கும்போது கழற்றிவிட வேண்டும். இறுக்கிக் கட்டினால் அழுத்தம் கீழ்நோக்கிப் போய், ஏற்கெனவே தளர்ந்திருக்கும் இடுப்பின் அடித்தசைகளை மேலும் தளர்த்தும். இருமினால் சிறுநீர் கசிவதற்கு அது வழி. அந்தத் தசைகளுக்குப் பயிற்சி உண்டு. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் ஐந்து விநாடி இறுக்கிப் பிடித்து விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை.

மருமகளுக்குப் பாலே ஊறவில்லை, இன்றோடு மூன்று நாள். குழந்தை அழுகிறது. பவுடர் பால் கொடுக்கலாமா? மார்பு கல்லாகக் கட்டியிருக்கிறது என்று வேறு சொல்கிறாள்.
– வாசகி, திண்டுக்கல்

கல்லாகக் கட்டியிருக்கிறது என்றாலே பால் ஊறிவிட்டது என்றுதான் பொருள், வெளியே வரவில்லை. முதல் இரண்டு நாள் சீம்பால் சில துளிகள்தான் வரும், குழந்தையின் வயிற்றுக்கு அது போதும். மூன்றாம் நாள், நான்காம் நாள்தான் பால் இறங்கும். சிசேரியன் என்றால் ஒரு நாள் தள்ளலாம்.

இப்போது செய்ய வேண்டியது இது. பால் கொடுக்கும் முன் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணியை இரண்டு மூன்று நிமிடம் மார்பில் வையுங்கள். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் விறைத்திருந்தால் குழந்தையால் கவ்வ முடியாது. அதனால் கையால் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி அந்த இடத்தை மெத்தென்று ஆக்கிவிட்டுக் குழந்தையை வையுங்கள். காம்பு மட்டும் அல்ல, கருவட்டத்தின் பெரும்பகுதி வாய்க்குள் போக வேண்டும். வாய் அகலத் திறந்து, கீழுதடு வெளிப்பக்கம் மடங்கி, முகவாய் மார்பில் பட்டிருந்தால் சரியாகப் பிடித்திருக்கிறது. காம்பை மட்டும் சப்பினால் பாலும் வராது, காம்பும் வெடிக்கும். கொடுத்து முடித்தபின் குளிர்ந்த துணியைப் பத்து நிமிடம் போடுங்கள். கட்டியைக் கரைக்கிறோம் என்று அழுத்தி உருட்டித் தேய்க்காதீர்கள், உள்ளே வீக்கம் கூடும். ஒரு பக்கம் சிவந்து காய்ச்சல் வந்தால் டாக்டரைப் பாருங்கள். அப்போதும் அந்தப் பக்கத்துப் பாலை நிறுத்தக் கூடாது. பால் கெட்டுப்போகாது. நிறுத்தினால்தான் சீழ் கட்டும்.

பவுடரைப் பொறுத்தவரை, மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியேறுகிறதோ அதற்கேற்பத்தான் அடுத்த பால் ஊறும். ஒரு வேளை பாட்டில் கொடுத்தால் குழந்தை அந்த வேளை சப்பாது, மறுநாள் பால் குறையும், அதைக் காட்டி இன்னொரு பாட்டில் வரும். இரவையும் சேர்த்து ஒரு நாளைக்கு 8 முதல் 12 முறை மார்பில் போடுங்கள். ஐந்தாம் நாளிலிருந்து குழந்தை ஆறு முறைக்கு மேல் ஒன்றுக்குப் போனால் பால் போதுமானது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். எடை 10 சதவீதத்துக்கு மேல் இறங்கினாலோ, குழந்தை சோர்ந்து குடிக்காமல் தூங்கிக்கொண்டே இருந்தாலோ அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். பவுடர் தேவையா என்பதை அவர் முடிவு செய்யட்டும். பிரசவத்தில் ரத்தம் மிக அதிகம் போனவர்களுக்கும், நஞ்சுக்கொடித் துண்டு உள்ளே தங்கியவர்களுக்கும், தைராய்டு உள்ளவர்களுக்கும் உண்மையாகவே பால் குறையும். அவர்களிடம் போய்ப் பூண்டு சாப்பிடு என்று சொல்லிக்கொண்டிருப்பதில் பயனில்லை.

இன்னொன்று: அவள் காதுபடப் பாலே இல்லை என்று சொல்லாதீர்கள். பதற்றத்தில் பால் இறங்குவது தாமதமாகும்.

தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒரு மாதம். எதற்கெடுத்தாலும் அழுகிறாள். இரண்டாவதும் பெண் என்று மாமியார் வீட்டில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. குழந்தையைத் தூக்கவே பிடிக்கவில்லை என்கிறாள். திருஷ்டி கழித்தோம், மாறவில்லை.
– வாசகி, விழுப்புரம்

மூன்றாம் நாளிலிருந்து காரணமில்லாமல் அழுகை வருவது பெரும்பாலான தாய்மார்களுக்கு உண்டு, இரண்டு வாரத்துக்குள் அது தானே போய்விடும். ஒரு மாதமாக நீடிப்பது மனச்சோர்வு நோய், அதற்குச் சிகிச்சை வேண்டும். தமிழகக் கிராமப்புறத் தாய்மார்களிடம் நடத்தி 2002-இல் வெளியான ஓர் ஆய்வில் 11 சதவீதம் பேருக்குப் பிரசவத்துக்குப் பின் இந்த நோய் புதிதாக வந்திருந்தது. வறுமை, ஆண் பிள்ளையை எதிர்பார்த்துப் பெண் பிறந்தது, மாமியாரோடும் பெற்றோரோடும் மனக்கசப்பு, கைவேலைக்கு ஆள் இல்லாதது ஆகியவை அதில் தெரிந்த காரணங்கள். உங்கள் தங்கையின் நிலைமையோடு எவ்வளவு ஒத்துப்போகிறது பாருங்கள்.

அவளிடம் தனியாக இரண்டு கேள்வி கேளுங்கள். குழந்தை தூங்கும்போது உன்னால் தூங்க முடிகிறதா? உன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடலாம் என்று தோன்றுகிறதா? இப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. இரண்டாவதற்கு ஆம் என்றால் அவளைத் தனியாக விடாதீர்கள், அன்றே மனநல மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். இல்லை என்றாலும் இந்த வாரத்துக்குள் போக வேண்டும். அரசின் 14416 எண்ணில் இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். பால் கொடுத்துக்கொண்டே எடுக்கக்கூடிய மாத்திரைகள் இருக்கின்றன, பாலை நிறுத்த வேண்டும் என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

தூக்கமே இல்லாமல் ஏதேதோ பேசுவது, யாரோ கூப்பிடுவதாகச் சொல்வது, குழந்தையைச் சந்தேகப்படுவது என்று திடீரென ஆரம்பித்தால் அது வேறு நோய், இன்னும் தீவிரமானது. பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்திலேயே வரும். அதைப் பேய் என்று எண்ணிக் கோயிலுக்குக் கொண்டுபோகிறார்கள். கொண்டுபோக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு.

முடிந்தால் அவளையும் குழந்தைகளையும் சில வாரம் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பெண் பிறந்ததற்கு அவளைக் குற்றம் சொல்கிறவர்களுக்கு, ஆணா பெண்ணா என்பதை முடிவு செய்வது ஆணின் விந்தணு என்று பள்ளிக்கூடப் பாடத்திலேயே இருப்பதைச் சொல்லுங்கள்.

பால் கொடுக்கும்வரை மறுபடி கர்ப்பம் தங்காது என்பது சரியா?
– வாசகி, யாழ்ப்பாணம்

மூன்றும் சேர்ந்திருந்தால் மட்டும் சரி: குழந்தைக்கு ஆறு மாதம் ஆகவில்லை, மாதவிலக்கு திரும்பவில்லை, தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் கொடுப்பதில்லை. பாலூட்டும் இடைவெளி பகலில் நான்கு, இரவில் ஆறு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது. ஒன்று தவறினாலும் பாதுகாப்பு போய்விடும். மாதவிலக்கு வருவதற்கு முன்பே கருமுட்டை வெளியாகிவிடும் என்பதால், மாதவிலக்கு வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்து ஏமாறுபவர்கள் உண்டு. காப்பர் டி-யைப் பிரசவமான 48 மணி நேரத்துக்குள் போடலாம், தவறினால் ஆறு வாரம் கழித்துத்தான். இரண்டு ஹார்மோன் கலந்த சாதாரண கருத்தடை மாத்திரை முதல் ஆறு மாதம் வேண்டாம், பாலைக் குறைக்கும்.

நான்காம் மாதம் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது. வழுக்கை விழுமா?
– வாசகி, கோவை

விழாது. கர்ப்பத்தில் கொட்டாமல் நின்ற முடி இப்போது மொத்தமாக விழுகிறது, ஒரு வருடத்துக்குள் நின்றுவிடும். அதோடு அதிகச் சோர்வோ படபடப்போ இருந்தால் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்த்துவிடுங்கள். எண்ணெய் மாற்றுவதற்கு முன் அந்த ரத்தப் பரிசோதனை.